வட்டிக்கு ஆசைப்பட்டு முதலை விட்ட கட்சி!

'ஜனாதிபதி தேர்தல்' என்றதும் பக்கத்தைப் புரட்டி ஜோக் இருக்கிறதா என்று தேடாதீர்கள் சார். 'ரப்பர் ஸ்டாம்ப் வாங்குவதற்கு ஒரு தேர்தல், அதில் என்ன சுவாரஸ்யம்?' என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. வழக்கமாக அப்படித்தான். ஆளும் கட்சி ஒருவரைக் கை காட்டும். அவர் வெள்ளைச் சட்டையோடு கும்பிட்டுக்கொண்டே ராஷ்டிரபதி பவனுக்குள் போவார். தோற்றவர் பெயர் அடுத்த வாரம் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

ஒரே ஒரு தடவை இந்த வழக்கம் தலைகீழாகப் புரண்டது. 1969 ஆகஸ்ட். டெல்லியில் ஆட்சி நடத்திய காங்கிரஸ் கட்சியின் அதிகாரபூர்வ வேட்பாளர் தோற்றுப் போனார். தோற்கடித்த கோஷ்டிக்குத் தலைமை வகித்தவர் எதிர்க்கட்சித் தலைவரா? இல்லை. அதே காங்கிரஸின் பிரதம மந்திரி!

நான் பி.காம். பேலன்ஸ் ஷீட் டேலி ஆகவில்லை என்றால் ராத்திரி தூக்கம் வராத ஜாதி. இந்தத் தேர்தல் கணக்கை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு வாரம் மல்லுக்கட்டினேன். காங்கிரஸ் ஜெயித்திருக்க முடியுமா, முடியாதா? எனக்கும் என் பெரியப்பாவுக்கும் நடந்த சண்டை அதைப் பற்றித்தான். சண்டைக்கு வருமுன் கொஞ்சம் கதை.

1969 மே 3-ஆம் தேதி ஜனாதிபதி ஜாகிர் ஹுசேன் பதவியில் இருக்கும்போதே காலமானார். உப ஜனாதிபதி வி.வி. கிரி பொறுப்பு ஜனாதிபதி ஆனார். அடுத்த ஜனாதிபதியாக யாரை நிறுத்துவது? ஜூலையில் பெங்களூரில் காங்கிரஸ் கூடியது. 'சிண்டிகேட்' என்று பத்திரிகைகள் பெயர் வைத்திருந்த பெரிய தலைகள் (கட்சித் தலைவர் நிஜலிங்கப்பா, நம்ம காமராஜர், எஸ்.கே. பாட்டீல், மொரார்ஜி தேசாய் வகையறா) சஞ்சீவ ரெட்டிதான் வேட்பாளர் என்றார்கள். பிரதமர் இந்திரா காந்திக்கு அது பிடிக்கவில்லை. ஜகஜீவன் ராம் பெயரைச் சொல்லிப் பார்த்தார். கட்சியின் பார்லிமெண்டரி போர்டில் ஓட்டெடுப்பு நடந்தது. 4-க்கு 2. ரெட்டி ஜெயித்தார். பிரதம மந்திரியே தம் கட்சியின் கமிட்டி ரூமில் தோற்றார்!

அப்புறம் நடந்ததெல்லாம் சினிமா வேகம். ஜூலை 16, மொரார்ஜியிடமிருந்து நிதி இலாகா பிடுங்கப்பட்டது. அவர் உப பிரதமர் பதவியையும் வீசிவிட்டுப் போனார். ஜூலை 19, பதினான்கு பெரிய பேங்குகள் தேசியமயம். அந்த அவசரச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டவர் பொறுப்பு ஜனாதிபதி கிரி. ஜூலை 20, கிரி ராஜினாமா. ஏன்? ஜனாதிபதி தேர்தலில் சுயேச்சையாக நிற்பதற்கு! அன்றைக்குத்தான் அமெரிக்காக்காரன் நிலாவில் இறங்கினான். டெல்லிக்காரர்கள் அண்ணாந்து பார்த்திருப்பார்களா என்பது சந்தேகம்.

ஜனாதிபதியும் இல்லை, உப ஜனாதிபதியும் இல்லை. சுப்ரீம் கோர்ட் தலைமை நீதிபதி ஹிதாயத்துல்லா வந்து ஒரு மாசம் போல நாற்காலியைக் கவனித்துக்கொண்டார். இடையில் அமெரிக்க ஜனாதிபதி நிக்சன் வேறு விருந்தாளியாக வந்து போனார்.

களத்தில் முக்கியமானவர்கள் மூன்று பேர். காங்கிரஸின் சஞ்சீவ ரெட்டி. ஆந்திரப் பிரதேசத்தின் முதல் முதலமைச்சர், போட்டியிடுவதற்காக லோக்சபா சபாநாயகர் பதவியை விட்டு வந்தவர். சுயேச்சையாக வி.வி. கிரி, தொழிற்சங்கவாதி, இவரும் தெலுங்கர்தான். கம்யூனிஸ்டுகள், தி.மு.க., அகாலி தளம் எல்லாம் இவர் பக்கம். மூன்றாவது சி.டி. தேஷ்முக், ரிசர்வ் பேங்கின் முதல் இந்திய கவர்னர், முன்னாள் நிதி மந்திரி. இவருக்கு சுதந்திராவும் ஜனசங்கமும் ஆதரவு. ஒரு தமாஷ் பாருங்கள், 1937-ல் சென்னையில் ராஜாஜி மந்திரிசபையில் தொழிலாளர் மந்திரியாக இருந்தவர் கிரி. 1969-ல் ராஜாஜியின் சுதந்திரா கட்சி கிரிக்கு எதிர் வரிசையில்! 1967-ல் ராஜாஜியோடு கைகோத்து ஆட்சியைப் பிடித்த தி.மு.க.வோ கிரி பக்கம்.

இப்போது ஓட்டுக் கணக்கு. பயப்படாதீர்கள், எளிமையாகத்தான் சொல்லப் போகிறேன்.

ஜனாதிபதி தேர்தலில் நமக்கு ஓட்டு இல்லை. எம்.பி., எம்.எல்.ஏ.க்களுக்குத்தான். ஆனால் எல்லா ஓட்டும் ஒரே எடை இல்லை. மாநில ஜனத்தொகையை எம்.எல்.ஏ.க்கள் எண்ணிக்கையால் வகுத்து, அதை ஆயிரத்தால் வகுத்தால் வருவது ஒரு எம்.எல்.ஏ. ஓட்டின் மதிப்பு. 1961 சென்சஸ்படி தமிழ்நாட்டு ஜனத்தொகை சுமார் 3 கோடியே 37 லட்சம், எம்.எல்.ஏ.க்கள் 234. ஆக ஒரு ஓட்டுக்கு 144 புள்ளி. உத்தரப் பிரதேசத்துக்காரருக்கு 174. தேசத்திலுள்ள எம்.எல்.ஏ.க்களின் மொத்தப் புள்ளியை எம்.பி.க்களின் எண்ணிக்கையால் வகுத்தால் எம்.பி. ஓட்டின் மதிப்பு. 1969-ல் அது 576. அதாவது ஒரு எம்.பி.க்குச் சரியாக நாலு தமிழ்நாட்டு எம்.எல்.ஏ. எடை!

அடுத்து, 'இரண்டாவது விருப்பம்'. ஓட்டலுக்குப் போகிறீர்கள். 'இட்லி இருக்கா?' 'தீர்ந்து போச்சு சார்.' 'சரி, பொங்கல் கொண்டா.' அவ்வளவுதான். இட்லி உங்கள் முதல் விருப்பம், பொங்கல் இரண்டாவது. பாதிக்கு மேல் யாருக்கும் கிடைக்கவில்லை என்றால், கடைசியில் இருக்கிற வேட்பாளரை இலையிலிருந்து எடுத்துவிடுவார்கள். அவருக்குப் போட்டவர்கள் இரண்டாவதாக யாரை எழுதியிருக்கிறார்களோ அவர் இலையில் அந்த ஓட்டு விழும். ஜனாதிபதி தேர்தலில் இந்தியா இந்த 'பொங்கல் கணக்கு' வரைக்கும் போக நேர்ந்தது 1969-ல் மட்டும்தான். மற்றபடி எல்லாத் தேர்தலும் இட்லியிலேயே முடிந்துவிட்டன.

ஆகஸ்ட் 16 ஓட்டுப்பதிவு. 20-ஆம் தேதி எண்ணிக்கை. முதல் ரவுண்டில் கிரி 4,01,515. ரெட்டி 3,13,548. தேஷ்முக் 1,12,769. இவர்களைத் தவிர இன்னும் பன்னிரண்டு பேர் நின்றார்கள். அதில் ஏழு பேர் சேர்ந்து 8,505. மீதி ஐந்து பேருக்கு ஸைபர். (அப்போது யார் வேண்டுமானாலும் நிற்கலாம் என்கிற மாதிரிதான் நிலைமை. 1974-ல் பத்து பேர் முன்மொழிந்து பத்து பேர் வழிமொழிய வேண்டும் என்று கதவைச் சாத்தினார்கள். இப்போது ஐம்பது, ஐம்பது.) மொத்தம் 8,36,337. ஜெயிக்கத் தேவை 4,18,169. யாரும் தொடவில்லை.

சில்லறைகளைக் கழித்து, தேஷ்முக்கையும் கழித்து, இரண்டாவது விருப்பங்களைப் பிரித்துப் போட்டார்கள். முடிவில் கிரி 4,20,077. ரெட்டி 4,05,427. வித்தியாசம் 14,650. கோட்டைத் தாண்டி கிரி வைத்திருந்த உபரி வெறும் 1,908. நாலு எம்.பி.க்குக்கூடப் போதாத எடை!

இங்கேதான் பெரியப்பா வருகிறார்.

பெரியப்பாவுக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. பேங்க் ஊழியராக இருந்து ரிட்டயர் ஆனவர். 1969-ல் அவர் வேலை பார்த்தது அந்தப் பதினான்கில் ஒன்று. வெள்ளிக்கிழமை ராத்திரி தனியார் பேங்க் குமாஸ்தாவாகப் படுத்து, மறுநாள் ராத்திரி சர்க்கார் பேங்க் குமாஸ்தாவாகப் படுத்தவர். இந்திரா காந்தி பெயரை மரியாதையில்லாமல் சொன்னால் காபி கிடைக்காது.

''காங்கிரஸ் ஜெயிச்சிருக்கலாம் பெரியப்பா, கோட்டை விட்டுட்டாங்க'' என்றேன்.

''ஜெயிச்சிருக்கவே முடியாது'' என்றார் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல். ''பேங்கை எடுத்த அன்னிக்கே ரெட்டி தோத்தாச்சு. ஊரே கொண்டாடிச்சு. கிரி யாரு? 1954-ல பேங்க் ஊழியர்களுக்கு ட்ரிப்யூனல் கொடுத்த தீர்ப்பை சர்க்கார் வெட்டினப்போ, 'போங்கடா'ன்னு மத்திய மந்திரி பதவியைத் தூக்கிப் போட்டுட்டு வந்த மனுஷன். அவர் கையெழுத்துலயே பேங்க் தேசியமயம் ஆச்சு. இதுக்கு மேல என்ன வேணும்?''

''அது சரி. ஆனா பேங்க் கிளார்க்குக்கு ஜனாதிபதி தேர்தல்ல ஓட்டு ஏது?''

''எங்களுக்கு ஓட்டு இல்லடா. எங்ககிட்ட ஓட்டுக் கேட்டு வர்றவனுக்கு ஓட்டு இருந்துச்சே!''

நியாயமான பேச்சு. 1967 தேர்தலில் அரை டஜன் மாநிலங்களுக்கு மேல் காங்கிரஸைக் கைவிட்டிருந்தன. லோக்சபாவில் 520-க்கு 283 என்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது கட்சி. அடுத்த தேர்தலில் எந்த முகத்தைக் காட்டி ஓட்டுக் கேட்பது என்று ஒவ்வொரு காங்கிரஸ்காரரும் கவலைப்பட்டிருப்பார். ஒரு பக்கம் பேங்கைப் பிடுங்கிக் கொடுத்த அம்மா. இன்னொரு பக்கம் ரூமுக்குள் உட்கார்ந்து பேசும் பெரியவர்கள். யார் போஸ்டரில் எடுபடுவார் என்று சொல்ல பி.காம். வேண்டாம்.

ஆனாலும் நான் விடவில்லை. பேப்பரையும் பென்சிலையும் எடுத்தேன்.

1967-ல் ஜாகிர் ஹுசேன் வாங்கியது 4,71,244. எதிர்க்கட்சிகள் ஒன்றாகச் சேர்ந்து, முன்னாள் தலைமை நீதிபதி சுப்பா ராவை நிறுத்தியும் காங்கிரஸ் அவ்வளவு வாங்கியது. இரண்டே வருஷம் கழித்து, எதிரணி கிரி, தேஷ்முக் என்று இரண்டாகப் பிளந்து நிற்கிறது. எந்தக் கட்சிக்கும் இனிக்கிற நிலைமை! கோஷ்டிச் சண்டைக்காக ஐம்பதாயிரத்தைக் கழித்தால்கூட முதல் ரவுண்டிலேயே ரெட்டி உள்ளே போயிருக்க வேண்டும். ஆனால் அவர் வாங்கியது 3,13,548. ஜாகிர் ஹுசேனை விட 1,57,696 குறைவு. (நடுவில் சில மாநிலங்களில் இடைக்காலத் தேர்தல் நடந்து எம்.எல்.ஏ. பலம் கொஞ்சம் மாறியிருந்தது, வாஸ்தவம். ஆனால் ஒன்றரை லட்சத்துக்கு அது மட்டும் பதில் ஆகாது.)

எங்கே போயிற்று இந்தப் பணம்?

நிஜலிங்கப்பா என்ன செய்தார் என்று பாருங்கள். கட்சிக்குள் கசிவு இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். முதல் ரவுண்டில் முடியாது, இரண்டாவது விருப்பத்துக்குப் போகும் என்றும் யூகித்துவிட்டார். கெட்டிக்காரர்தான். உடனே சுதந்திரா தலைவர்களையும் ஜனசங்கத் தலைவர்களையும் பார்த்தார். 'உங்கள் முதல் ஓட்டை தேஷ்முக்குக்குப் போடுங்கள். இரண்டாவதை எங்கள் ரெட்டிக்குப் போடுங்கள்.' இதுதான் பேச்சின் சாரம்.

இந்தச் செய்தி வெளியே வந்ததுதான் தாமதம், இந்திரா கோஷ்டிக்கு விருந்து! அதுவரைக்கும் அவர்கள் தர்மசங்கடத்தில் இருந்தார்கள். ரெட்டியின் வேட்புமனுவில் முன்மொழிந்து கையெழுத்துப் போட்டவரே இந்திராதான். கையெழுத்துப் போட்டுவிட்டு, 'வேறு ஆளுக்குப் போடுங்கள்' என்று எந்த வாயால் சொல்வது? இப்போது காரணம் கிடைத்துவிட்டது. 'வகுப்புவாதிகளோடும் பணக்காரர் கட்சியோடும் பேரம் பேசுகிற வேட்பாளருக்கு நாங்கள் ஏன் போட வேண்டும்?' ஜகஜீவன் ராமும் பக்ருதீன் அலி அகமதுவும் கடிதம் எழுதினார்கள். நிஜலிங்கப்பா, 'கொறடா உத்தரவு போடுங்கள்' என்று பார்லிமெண்டரி கட்சித் தலைவரான இந்திராவைக் கேட்டார். அவர் மறுத்தார். ஓட்டுப்பதிவு நெருங்கிய சமயத்தில் வந்தது அந்தப் பிரசித்தி பெற்ற வார்த்தை: 'மனசாட்சி ஓட்டு'. அவரவர் மனசாட்சிப்படி போடுங்கள்!

அரசியல்வாதிகளிடம் 'மனசாட்சிப்படி போடு' என்று சொன்னால் என்ன ஆகும்? ஒரு நாள் லீவு கொடுத்த ஸ்கூல் பையன்கள் மாதிரி கிளம்பிவிட்டார்கள். ரகசிய ஓட்டு வேறு. யார் யாருக்குப் போட்டார் என்று பிரம்மாவுக்கும் தெரியாது.

இப்போது என் லெட்ஜரைப் பாருங்கள். இரண்டாவது விருப்பம் மூலம் ரெட்டிக்கு வந்த வரவு: 91,879. கிரிக்கு வந்தது 18,562தான். நிஜலிங்கப்பாவின் பேரம் அட்டகாசமாக வேலை செய்திருக்கிறது! வட்டிக் கணக்கில் பிரமாதமான லாபம். ஆனால் முதல்? ஒன்றரை லட்சம் போச்சு.

''அதுல எத்தனை பேர் பேங்குக்காகப் போனான், எத்தனை பேர் பேரத்துக்காகப் போனான்னு உன் லெட்ஜர் சொல்லுமா?'' என்றார் பெரியப்பா.

சொல்லாது. ஓட்டுச் சீட்டில் காரணம் எழுதும் கட்டம் கிடையாது. ஆனால் ஒன்றை யோசித்துப் பார்க்கச் சொன்னேன். சுதந்திராவுக்கும் ஜனசங்கத்துக்கும் கிரி எப்படிப்பட்டவர்? கம்யூனிஸ்டுகள் தூக்கிப் பிடிக்கிற ஆள். பேங்கைப் பறித்த பேப்பரில் கையெழுத்துப் போட்ட ஆள். தேஷ்முக் தோற்றால் அந்த ஓட்டெல்லாம் கிரிக்கா போயிருக்கும்? காலில் விழுந்து கேட்டாலும் போகாது. நிஜலிங்கப்பா பெங்களூர் வீட்டில் சும்மா உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தாலும் அதில் பெரும்பகுதி ரெட்டி இலையில்தான் விழுந்திருக்கும். தானாக வரப்போகிற வட்டியை வீடு தேடிப் போய்க் கேட்டார். அதைப் பார்த்த சொந்தக் கட்சிக்காரன் முதலை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டினான்.

பெரியப்பா ஒரு நிமிஷம் பேசவில்லை. பிறகு, ''எத்தனை பேர் மாறியிருந்தா ரெட்டி ஜெயிச்சிருப்பாரு?'' என்று கேட்டார்.

அதையும் போட்டு வைத்திருந்தேன். வித்தியாசம் 14,650. ஒரு எம்.பி. இங்கிருந்து அங்கே தாவினால் இவருக்கு 576 குறையும், அவருக்கு 576 ஏறும். பன்னிரண்டு பேர் போதாது. பதிமூன்று பேர் மாறியிருந்தால் ரெட்டிதான் ஜனாதிபதி. ஓட்டுரிமை பெற்ற எம்.பி., எம்.எல்.ஏ.க்கள் நாலாயிரத்துக்கு மேல். அதில் பதிமூன்று எம்.பி.க்கள்! ஒரு மினி பஸ்ஸில் முன் பாதி நிறையாது.

நம்ம ஊர் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 1967-ல் தி.மு.க. ஜெயித்த லோக்சபா இடம் 25. அவர்கள் எடை மட்டும் 14,400. அசெம்பிளியில் 130-க்கு மேல் இருந்த எம்.எல்.ஏ.க்களின் எடை இன்னொரு பதினெட்டாயிரத்துக்கு மேல். அண்ணா மறைந்து ஆறு மாதம், கலைஞர் முதல்வராகி ஆறு மாதம். இந்த ஓட்டுகள் எதிர்ப்பக்கம் போயிருந்தால் கிரி சொந்த ஊருக்கு டிக்கெட் எடுத்திருப்பார். இரண்டு பிரதமர்களை உருவாக்கிய காமராஜரின் வேட்பாளரை வீழ்த்தியதில் காமராஜரின் சொந்த மாநிலத்து ஓட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. டெல்லியில் போட்ட முடிச்சு 1971-ல் இங்கே அவிழ்ந்தது. இந்திரா காங்கிரஸ் தி.மு.க.வோடு கூட்டு வைத்து, லோக்சபாவுக்கு மட்டும் நின்றுகொண்டு, அசெம்பிளியை மொத்தமாக தி.மு.க.வுக்கே விட்டுக்கொடுத்தது. தமிழ்நாட்டு அரசாங்கத்தின் பக்கம் காங்கிரஸ் நகராமல் போனதற்கு ஆயிரம் காரணம் சொல்வார்கள். இந்த ஆகஸ்ட் 16-ஐ நான் அந்தப் பட்டியலில் மேலேயே வைப்பேன்.

''உன் கணக்கு சரிதான்'' என்றார் பெரியப்பா. ''ஆனா பேரம் மட்டும் வெளியே வந்து, பேங்க் தேசியமயம் நடக்காம இருந்திருந்தா? அந்தம்மா சொன்ன மனசாட்சிக்கு எவன் செவி சாய்ச்சிருப்பான்?''

இதற்கு என்னிடம் பதில் இல்லை. அன்றைக்குக் காபி அவர் போட்டதுதான்.

வழக்கும் நடந்தது. ரெட்டியைக் கேவலப்படுத்தி ஒரு மொட்டைத் துண்டுப் பிரசுரம் எம்.பி.க்களிடையே சுற்றியது, ஆகவே தேர்தல் செல்லாது என்று சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள். பதவியில் இருக்கும் ஜனாதிபதியே நேரில் வந்து சாட்சி சொன்னார். அதற்கு முன் அப்படி நடந்ததில்லை. 1970-ல் வழக்கு தள்ளுபடி. கிரி ஐந்து வருஷத்தையும் முடித்துவிட்டுத்தான் இறங்கினார்.

கட்சி? 1969 நவம்பர் 12, சிண்டிகேட் இந்திராவைக் கட்சியிலிருந்து நீக்கியது. பிரதம மந்திரியைக் கட்சியை விட்டு நீக்கிய கட்சி எது என்று க்விஸ்ஸில் கேட்டால் சொல்லுங்கள். காங்கிரஸ் இரண்டாக உடைந்தது. 1971 லோக்சபா தேர்தலில் இந்திராவுக்கு 352, பழைய காங்கிரஸுக்கு 16. பார்லிமெண்டரி போர்டில் 4-க்கு 2 என்று ஜெயித்ததற்கு வந்த பில் இது.

இன்றைக்கும் ஜனாதிபதி தேர்தலில் கட்சி கொறடா உத்தரவு போட முடியாது. 1985-ல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டமும் இதற்குப் பொருந்தாது. அப்படியும் ஒவ்வொரு தடவையும் எம்.எல்.ஏ.க்களை வரிசையாக பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிவந்து, டீ கொடுத்து, பேனாவைப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்துத்தான் ஓட்டுப் போட வைக்கிறார்கள். மனசாட்சிக்கு எந்தக் கட்சியும் மறுபடி லீவு கொடுக்கவில்லை.

தோற்ற சஞ்சீவ ரெட்டி அனந்தப்பூர் பக்கம் போய் விவசாயம் பார்த்தார். எமர்ஜென்ஸி முடிந்து 1977-ல் ஜனதா ஆட்சி வந்தது. மறுபடி ஜனாதிபதி தேர்தல். 37 பேர் மனுப் போட்டார்கள். 36 மனுக்கள் தள்ளுபடி. மிச்சம் இருந்த ஒரே மனு ரெட்டியுடையது. எட்டு வருஷத்துக்கு முன்னால் 4,05,427 வாங்கித் தோற்றவர், ஒரு ஓட்டுக்கூட வாங்காமல் ஜெயித்தார்! 1980 ஜனவரி 14-ஆம் தேதி, தேர்தலில் ஜெயித்துத் திரும்பி வந்த இந்திரா காந்திக்குப் பிரதமராகப் பதவிப் பிரமாணம் செய்து வைத்தவரும் அவர்தான்.